கிகிள்: மெல்லிய சிரிப்பின் பொருள்

ஆங்கில அகராதிகள் ‘கிகிள்’ என்ற சொல்லுக்கு மென்மையாக, சற்றே அசட்டுத்தனமாகச் சிரிப்பது என்று பொருள் சொல்கின்றன. அதோடு நிறுத்துவதில்லை. வேடிக்கையைக் கண்டு அப்படிச் சிரிக்கலாம், கூச்சத்தாலோ பதற்றத்தாலோ சிரிக்கலாம் என்று காரணத்தையும் சேர்த்தே தருகின்றன. மகிழ்ச்சியும் தவிப்பும் ஒரே ஒலியில் வெளிப்படும் என்பதை அகராதி ஒரு வரியில் சொல்லிவிடுகிறது. அன்றாட வாழ்வில் அந்த வரியின் முதல் பாதிதான் நம் நினைவில் நிற்கிறது. ஒருவர் மெல்லச் சிரித்தால் அவர் மகிழ்ச்சியாக இருக்கிறார், அல்லது விஷயத்தை விளையாட்டாக எடுத்துக்கொண்டார் என்று முடிவுகட்டிவிடுகிறோம்.

கடந்த அறுபது ஆண்டுகளில் மொழியியலாளர்களும் உளவியலாளர்களும் மருத்துவர்களும் இந்தச் சிறு சிரிப்பைத் தனியே எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்கள் கண்டவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. சிறு சிரிப்பில் பெரும்பகுதி நகைச்சுவைக்குப் பதிலாக வருவதில்லை. ஒருவர் தனக்கும் எதிரில் இருப்பவருக்கும் இடையே உள்ள உறவைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்யும் வேலை அது. அதை இலேசானது என்று ஒதுக்கும்போது, அது சொல்ல வந்ததைக் கேட்காமலே விட்டுவிடுகிறோம். சிரிப்பவர் வயதிலோ அதிகாரத்திலோ சிறியவராக இருந்தால் இந்தக் கேளாமையின் விலை மிக அதிகம்.

சொல்லும் சுற்றமும்

‘கிகிள்’ ஒலிக்குறிப்பிலிருந்து பிறந்த சொல். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஆங்கில எழுத்தில் காணப்படுகிறது. அதே நூற்றாண்டின் இறுதியில் வந்து சேர்ந்தது ‘சக்கிள்’. கோழி எழுப்பும் ஒலியைக் குறித்த ‘சக்’ என்பதுதான் அதன் வேர். தமிழில் கொக்கரித்தல் கோழியின் ஒலியிலிருந்து வெற்றிக் களிப்பின் ஆரவாரத்துக்கு நகர்ந்ததுபோல, ‘சக்கிள்’ என்பதும் முதலில் உரத்த சிரிப்பையே குறித்தது. காலப்போக்கில் அடங்கி, இன்று வாயை அதிகம் திறக்காமல் தனக்குள் சிரித்துக்கொள்வதற்குப் பெயராகிவிட்டது. பொத்திவைத்த சிரிப்புக்கு ‘டிட்டர்’, பிறரை இளக்காரமாகப் பார்த்துச் சிரிப்பதற்கு ‘ஸ்னிகர்’ என்று இந்தக் குடும்பம் பெருகியது. ‘சார்ட்டில்’ என்ற சொல்லுக்கு மட்டும் பிறந்த ஆண்டும் பெற்றவர் பெயரும் தெரியும். லூயிஸ் கரோல் 1871இல் வெளியிட்ட, ஆலிஸ் கண்ணாடிக்குள் நுழையும் கதையில் வரும் ‘ஜாபர்வாக்கி’ பாடலுக்காக அதை உருவாக்கினார். ‘சக்கிள்’ என்பதையும் மூக்கால் சீறுவதைக் குறிக்கும் ‘ஸ்நார்ட்’ என்பதையும் இணைத்துச் செய்தது. சிறுவர் பாடலுக்காகப் புனைந்த சொல் பொது வழக்கில் நிலைத்துவிட்டது.

இந்தச் சொற்களைப் பிரிப்பது ஒலி மட்டும் இல்லை. ஆங்கிலக் கதைகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இது தெரியும்: தாத்தாவும் நீதிபதியும் ‘சக்கிள்’ செய்வார்கள், குழந்தைகளும் பள்ளி மாணவிகளும் ‘கிகிள்’ செய்வார்கள். ஒரு நீதிபதி ‘கிகிள்’ செய்தார் என்று எழுதினால் அவருடைய மதிப்பு ஒரு படி இறங்குகிறது. ஏறக்குறைய ஒரே அளவுச் சிரிப்புதான். சிரிப்பவரின் வயதையும் பாலையும் பார்த்துப் பெயர் மாறுகிறது. பெயர் மாறியதும் மதிப்பும் மாறிவிடுகிறது.

இதைத் தமிழில் பெயர்ப்பவர் ஒவ்வோர் இடத்திலும் நின்று யோசிக்க வேண்டும். கிச்சுகிச்சு மூட்டினால் குழந்தை கிளுகிளுவென்று சிரிக்கும். வகுப்பில் கடைசி வரிசைப் பெண் களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொள்வாள். நேர்காணலில் பதில் தெரியாத இளைஞன் அசட்டுச் சிரிப்புச் சிரிப்பான். எரிச்சலில் இருக்கும் அப்பா, ‘என்ன கெக்கேபிக்கேன்னு சிரிப்பு?’ என்பார். நான்குக்கும் ஆங்கிலத்தில் ‘கிகிள்’ போதும். தமிழ் அவற்றைப் பிரித்துவைத்திருக்கிறது. ஆனாலும் ‘அசட்டு’ என்ற அடைமொழியில் ஆங்கில அகராதியின் அதே தீர்ப்பு நம்மிடமும் குடியிருக்கிறது.

மூச்சும் மூளையும்

சிரிப்பின் ஒலியை அளந்தவர்களில் முன்னோடி, அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் வளாகத்தில் பணியாற்றிய நரம்பியல் உளவியலாளர் ராபர்ட் புரொவைன். ‘ஹ-ஹ-ஹ’ என்ற தொடரில் ஒவ்வோர் அசையும் ஏறக்குறைய 75 மில்லி நொடி நீடிக்கிறது. அடுத்த அசை சுமார் 210 மில்லி நொடி இடைவெளியில் தொடங்குகிறது. ஆள் மாறினாலும் இந்தத் தாளம் பெரிதாக மாறுவதில்லை. வெளிவிடும் மூச்சை உதரவிதானமும் விலாத் தசைகளும் துண்டு துண்டாக நறுக்குவதால் இந்த ஒலி பிறக்கிறது. பேச்சுக்கும் அதே மூச்சுதான் வேண்டும். அதனால் சிரிப்பு முற்றும்போது பேச்சு தோற்றுப்போகிறது.

இந்தப் போராட்டத்தைக் கிரிக்கெட் ரசிகர்கள் காதாலேயே கேட்டிருக்கிறார்கள். 1991 ஆகஸ்ட் 9 அன்று லண்டன் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்துக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் டெஸ்ட் போட்டி. கர்ட்லி ஆம்ப்ரோஸின் பந்தை ஆட முயன்று நிலை தடுமாறிய இயன் போத்தம், ஸ்டம்பைத் தாண்டிக் காலை வைக்கப் பார்த்து, தட்டிவிட்டு ஹிட் விக்கெட் ஆனார். அன்று மாலை பிபிசி வானொலியில் இதை விவரித்த ஜொனாதன் ஆக்னியூ இரட்டைப் பொருள் தரும் ஒரு தொடரைச் சொல்லிவிட, அருகில் இருந்த 79 வயது பிரையன் ஜான்ஸ்டன் ஆட்ட விவரத்தைத் தொடர்ந்து வாசிக்க முயன்றார். குரல் மெலிந்து, கீச்சிட்டு, கடைசியில் வெறும் மூச்சாகிவிட்டது. ஆங்கிலேயர்கள் இதைத்தான் ‘கிகிள்ஸ்’ என்று பன்மையில் சொல்கிறார்கள். அடக்க வேண்டிய இடத்தில் அடக்க அடக்கப் பொங்கி வரும் சிரிப்பு அது. பிபிசி நேயர்கள் அந்தப் பதிவை மிகச் சிறந்த விளையாட்டு வர்ணனையாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

தானாகப் பொங்கும் சிரிப்புக்கும் நாமாகச் சிரிக்கும் சிரிப்புக்கும் மூளையில் வெவ்வேறு பாதைகள் உள்ளன. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் நரம்பியலாளர் சோஃபி ஸ்காட்டும் அவருடைய சகாக்களும் இந்த இரண்டு வகையையும் கேட்பவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். நாமாகச் சிரிக்கும் சிரிப்பைக் கேட்கும்போது, பிறர் மனத்தில் இருப்பதை ஊகிக்கும் பகுதிகள் கூடுதலாக இயங்கின. ‘இவர் எதற்காகச் சிரிக்கிறார்?’ என்ற கேள்வியைக் கேட்பவரின் மூளை தானாகவே எழுப்புகிறது.

சிரிப்பவருக்கே காரணம் தெரியாமல் போவதும் உண்டு. 1998இல் ‘நேச்சர்’ இதழில் இட்ஷாக் ஃபிரைடும் அவர் குழுவினரும் ஒரு சிறு அறிக்கை வெளியிட்டார்கள். வலிப்பு நோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்த 16 வயதுப் பெண்ணின் மூளையில், முன்மடலின் ஓரிடத்தை மின்சாரத்தால் தூண்டினார்கள். மின்சாரம் குறைவாக இருந்தபோது புன்னகை வந்தது, கூட்டியபோது சிரிப்பு வந்தது. ஏன் சிரித்தாய் என்று கேட்டால், அந்த நேரத்தில் எதிரில் எது இருந்ததோ அதை அவள் காரணமாகச் சொன்னாள். ஒரு தடவை படத்திலிருந்த குதிரை, இன்னொரு தடவை சுற்றி நின்ற மருத்துவர்கள். சிரிப்பு முதலில் வந்தது, காரணம் பின்னால் தேடப்பட்டது. மெல்லிய சிரிப்பைக் கண்டதும் அதற்கு ஒரு வேடிக்கையைத் தேடும் பழக்கம் நம் எல்லோரிடமும் ஆழமாக இருப்பதை இந்தச் சிறு சோதனை காட்டுகிறது.

சிரிப்பு மனிதரிடம் தொடங்கியதும் இல்லை. ஓராங் ஊட்டான், கொரில்லா, சிம்பன்சி, போனபோ ஆகியவற்றின் குட்டிகளுக்கும் மனிதக் குழந்தைகளுக்கும் கிச்சுகிச்சு மூட்டிப் பதிவு செய்த ஒலிகளை மரீனா டாவிலா-ராஸ் குழுவினர் 2009இல் ஒப்பிட்டார்கள். ஒலிகளின் உறவு, இந்த இனங்களின் பரிணாம உறவோடு பொருந்தி வந்தது. குறைந்தது ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த பொது மூதாதையிடமே சிரிப்பின் தொடக்கம் இருந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. ஆய்வாளர் யாக் பாங்க்செப் எலிகளுக்குக் கிச்சுகிச்சு மூட்டியபோது, மனிதக் காதுக்கு எட்டாத 50 கிலோஹெர்ட்ஸ் அளவில் அவை ஒலி எழுப்பின. மூட்டிய கையைத் தேடி மறுபடி வந்தன. நகைச்சுவையும் மொழியும் தோன்றுவதற்கு வெகு காலம் முன்பே, ‘இது விளையாட்டு, பயப்படாதே’ என்று இன்னோர் உயிருக்குத் தெரிவிக்கும் அறிகுறியாகச் சிரிப்பு இருந்திருக்கிறது. இன்றைய கிகிளின் பொருள் விளங்க இந்தப் பழைய வேலையை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வேடிக்கை இல்லாத இடத்தில்

புரொவைன் முதலில் தன் ஆய்வுக்கூடத்தில் ஆட்களை உட்காரவைத்து நகைச்சுவைப் படங்கள் காட்டினார். எதிர்பார்த்த அளவு சிரிப்பு வரவில்லை. பிறகு அவரும் மாணவர்களும் கடைவீதிகளுக்கும் கல்லூரி வளாகத்துக்கும் போய், மக்கள் இயல்பாகச் சிரிக்கும் தருணங்களைக் குறித்துக்கொண்டார்கள். இப்படி 1,200 சிரிப்புகள் சேர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் முன்னால் என்ன பேசப்பட்டது என்று பார்த்தபோது, நகைச்சுவை என்று சொல்லத்தக்கது 10 முதல் 20 சதவீதம்தான். மற்றவை எல்லாம் ‘அப்புறம் பார்க்கலாம்’, ‘உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி’ போன்ற சாதாரணப் பேச்சுகள். கேட்பவரைவிடப் பேசுபவரே 46 சதவீதம் அதிகமாகச் சிரித்தார். பெண் பேசி ஆண் கேட்கும் இணைகளில், அந்தப் பெண் சிரித்தது ஆண் சிரித்ததைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். தனிமையில் இருப்பதைவிடத் துணையோடு இருக்கும்போது மனிதர் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறார்கள் என்பதும் அவருடைய கணக்கு.

சிரிப்பு வாக்கியத்தின் நடுவே கண்ட இடத்தில் விழுவதில்லை என்பதையும் அவர் கவனித்தார். பேசுபவரின் சிரிப்பு பெரும்பாலும் வாக்கியம் முடியும் இடத்தில், நிறுத்தக்குறி இடுவதைப்போல வந்து விழுகிறது. சொன்னதை எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற குறிப்பு அதில் இருக்கிறது.

சேர்ந்து சிரிக்கும் சிரிப்பு, வெளியே நின்று கேட்பவருக்கும் உறவைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. 2016இல் கிரெக் பிரையன்ட் தலைமையிலான குழு, இருவர் சேர்ந்து சிரித்த மிகச் சிறிய ஒலித்துண்டுகளை 24 சமூகங்களைச் சேர்ந்த 966 பேருக்குக் கேட்கக் கொடுத்தது. சிரித்தவர்கள் நண்பர்களா, அப்போதுதான் அறிமுகமானவர்களா என்று கேட்டபோது, 61 சதவீத அளவுக்குச் சரியான பதில் வந்தது. மொழி தெரியாத ஊரில் இருந்துகொண்டு, ஒரு நொடிச் சிரிப்பை மட்டும் கேட்டு, இருவரின் நெருக்கத்தை ஊகிக்க முடிகிறது. சிரிப்பு சுமந்து செல்லும் செய்தியில் முதன்மையானது உறவைப் பற்றியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தமிழ் மரபில் சிரிப்பின் காரணங்களை வகுத்த பழைய நூலும் இதே திசையில் நிற்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளில் நகையை முதலில் வைத்து, அது பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கைச் சொல்கிறது. நான்கும் மனிதருக்கு இடையே நிகழ்பவை. நகைச்சுவைத் துணுக்கு என்று தனியே ஒன்று அந்தப் பட்டியலில் இல்லை. இளமையும் பேதைமையும் மடனும் இன்று ஆங்கிலம் ‘கிகிள்’ என்று குறிக்கும் சிரிப்பின் எல்லைக்குள்ளேயே வருகின்றன. உரையாசிரியரான பேராசிரியர் இன்னும் நுட்பமாகப் போகிறார். எள்ளலால் வரும் நகையை அவர் இரண்டாகப் பிரிக்கிறார்: தான் பிறரை எள்ளிச் சிரிப்பது ஒன்று, பிறர் தன்னை எள்ளும்போது தான் சிரிப்பது இன்னொன்று. அவமதிக்கப்பட்டவரும் சிரிப்பார் என்பதை அவர் இலக்கணத்துக்குள்ளேயே எழுதிவைத்திருக்கிறார். நவீன ஆய்வுகளில் சில இந்த இரண்டாவது சிரிப்பையும் ஆராய்ந்திருக்கின்றன.

பேச்சினூடே வரும் சிரிப்பு

உரையாடலில் சிரிப்பை எழுத்துக்கு எழுத்து பதிவு செய்து காட்டியவர் கெயில் ஜெஃபர்சன். கலிபோர்னியாவில் சமூகவியலாளர் ஹார்வி சாக்ஸின் விரிவுரைகளையும் தொலைபேசி உரையாடல்களையும் எழுத்தில் வடிக்கும் பணியில் தொடங்கி, உரையாடல் பகுப்பாய்வு என்ற துறைக்கே எழுத்துமுறை வகுத்துக் கொடுத்தவர் அவர். அதற்கு முன்பெல்லாம் இப்படி எழுத்தில் வடிப்பவர்கள், ‘சிரிக்கிறார்’ என்று அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு நகர்வது வழக்கம். ஜெஃபர்சன் ஒவ்வொரு ‘ஹ’வும் எந்த எழுத்தின்மேல் விழுகிறது, எந்த இடத்தில் நிற்கிறது என்று குறித்தார். அப்படிக் குறித்தபோதுதான் சிரிப்பு எவ்வளவு திட்டமாகக் கையாளப்படுகிறது என்பது வெளியே தெரிந்தது.

1979இல் வெளியான கட்டுரையில் அவர் சிரிப்பை ஓர் அழைப்பு என்று விளக்கினார். பேசுபவர் வாக்கியத்தின் கடைசியில் சிறிது சிரிக்கிறார். கேட்பவர் சேர்ந்து சிரித்தால் அழைப்பு ஏற்கப்பட்டது. சிரிக்காமல் உடனே விஷயத்துக்குப் பதில் சொல்லத் தொடங்கினால் அழைப்பு மறுக்கப்பட்டது. வெறுமனே பேசாமல் இருந்தால் பேசியவர் மறுபடியும் சிரித்து அழைத்துப் பார்க்கிறார். ஒரு நொடிக்குள் இவ்வளவும் நடந்துவிடுகிறது.

1984இல் வெளியான இன்னொரு கட்டுரை துன்பத்தைச் சொல்லும் பேச்சுகளைப் பற்றியது. தன் நோயையோ இழப்பையோ சொல்லும்போது சொல்பவர் இடையிடையே சிரிக்கிறார். நல்ல கேட்பவர் அந்தச் சிரிப்பில் கலந்துகொள்வதில்லை. துன்பத்துக்கே முகம்கொடுத்துப் பேசுகிறார். சொல்பவரின் சிரிப்பு, ‘எனக்குக் கஷ்டம்தான், ஆனால் நான் நொறுங்கிவிடவில்லை’ என்று காட்டுகிறது. அங்கே கேட்பவரும் சிரித்துவிட்டால் அந்தத் துன்பம் சிறியதாகிவிடும். நம் வீடுகளில் முதியவர்கள், ‘இந்த முட்டி இனிமே எனக்கு இல்லை’ என்று சொல்லிச் சிரிக்கும்போது நாம் என்ன செய்கிறோம் என்பதை இந்தக் கட்டுரை யோசிக்க வைக்கிறது. சிரித்துக்கொண்டே சொன்னதால் வலி குறைவு என்று நினைப்பவர்கள் அவர்களை மருத்துவரிடம் தாமதமாகவே கூட்டிப்போகிறார்கள்.

மருத்துவரின் அறைக்குள்ளும் இதே சிரிப்பு வருகிறது. பின்லாந்து ஆய்வாளர் மார்க்கு ஹாகானா, நோயாளிகளும் மருத்துவர்களும் பேசிக்கொண்ட பதிவுகளை ஆராய்ந்து 2001இல் எழுதினார். நோயாளிகள் மருத்துவர்களைவிட அதிகம் சிரித்தார்கள். பெரும்பாலும் தனியாகவே சிரித்தார்கள். குடிப்பழக்கம், உடல் எடை, சொன்னபடி மருந்து சாப்பிடாதது போன்ற சங்கடமான செய்திகளைச் சொல்லும் இடங்களிலும், மருத்துவர் சொன்னதை மறுத்துப் பேசும் இடங்களிலும் அந்தச் சிரிப்பு வந்தது. இது எனக்குச் சொல்லக் கூச்சமான விஷயம் என்ற அறிவிப்பு அது. அதைக் கேட்கத் தெரிந்த மருத்துவருக்கு, அடுத்த கேள்வியை எங்கே மெதுவாகக் கேட்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

அதிகாரத்தின் முன்னால்

எதிரில் இருப்பவர் கையில் அதிகாரம் இருக்கும்போது இந்தச் சிரிப்பு இன்னும் சிக்கலாகிறது. ஸ்டான்லி மில்கிராம் யேல் பல்கலைக்கழகத்தில் நடத்தி 1963இல் வெளியிட்ட கீழ்ப்படிதல் சோதனை பரவலாக அறியப்பட்டது. பக்கத்து அறையில் இருப்பவர் தவறான பதில் சொன்னால் மின்னதிர்ச்சி கொடுக்கும்படி 40 ஆண்களுக்குக் கட்டளையிடப்பட்டது. அதிர்ச்சி உண்மையில் தரப்படவில்லை; அவர்களுக்கு அது தெரியாது. 26 பேர் 450 வோல்ட் என்ற கடைசி அளவுவரை போனார்கள். அந்தக் கட்டுரையில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. 40 பேரில் 14 பேர் தெளிவாகத் தெரியும் அளவுக்குப் பதற்றச் சிரிப்பு சிரித்தார்கள். மூவருக்கு அது வலிப்புபோல அடக்க முடியாத அளவுக்குப் போனது. வியர்த்துக்கொண்டும் திக்கிக்கொண்டும் உதட்டைக் கடித்துக்கொண்டும் இருந்தவர்கள்தான் சிரித்தார்கள். பிறகு பேசியபோது, தாங்கள் கொடூர மனம் படைத்தவர்கள் இல்லை, அந்தச் சிரிப்பு மகிழ்ச்சியால் வந்தது இல்லை என்று விளக்கப் பாடுபட்டார்கள். கட்டளையை மீறவும் முடியாமல், மனத்தோடு ஒத்துப்போகவும் முடியாமல் நின்றவர்களின் உடல் கண்டுபிடித்த வழி அது.

ஜூலி வுட்ஸிக்காவும் மரியன் லாஃப்ரான்ஸும் 2001இல் வெளியிட்ட ஆய்வு பெண்களைப் பற்றியது. வேலைக்கான நேர்காணலில் ஆண் அதிகாரி ஆபாசமான கேள்வி கேட்டால் என்ன செய்வீர்கள் என்று ஒரு குழுவிடம் கேட்டார்கள். கோபம் வரும் என்று பலர் சொன்னார்கள், பதில் சொல்ல மறுப்போம் என்று பெரும்பாலோர் சொன்னார்கள். வேறொரு குழுவினரை, உண்மையான வேலை என்று நம்பவைத்து நேர்காணலுக்கு அழைத்து, அதே கேள்விகளைக் கேட்டார்கள். ஒருவர்கூடப் பதில் சொல்ல மறுக்கவில்லை. அவர்கள் உணர்ந்ததாகச் சொன்னது கோபத்தைவிட அச்சத்தை. தொடர்ந்து செய்த ஆய்வில், தொல்லைக்கு ஆளான பெண்களின் முகத்தில் மகிழ்ச்சி சிறிதும் இல்லாத, மனத்தை மறைக்கும் புன்னகை அதிகம் இருந்ததையும் கண்டார்கள். தொல்காப்பிய உரையாசிரியர் பேராசிரியர் சொன்ன இரண்டாவது நகை இதுதான். ‘அவள் சிரித்துக்கொண்டுதானே இருந்தாள்’ என்று விசாரணைகளில் எழும் வாதத்துக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்பதை இந்த ஆய்வுகள் நிறுவுகின்றன.

கஷாஷா, 1962

மெல்லிய சிரிப்பு என்ற பெயர் எவ்வளவு பெரிய துயரத்தை மறைக்கும் என்பதற்கு, கிழக்கு ஆப்பிரிக்காவில் நடந்த ஒரு நிகழ்வு சாட்சியாக நிற்கிறது. விக்டோரியா ஏரியின் மேற்குக் கரையில் புகோபா நகருக்கு அருகே கஷாஷா என்ற சிற்றூர். அங்கே கிறித்தவ மிஷன் நடத்திய பெண்கள் விடுதிப் பள்ளி. அன்று டாங்கனிக்கா என்று அழைக்கப்பட்ட அந்த நாடு விடுதலை பெற்று இரண்டு மாதங்கள்கூட ஆகவில்லை. 1962 ஜனவரி 30 அன்று மூன்று மாணவிகள் சிரிக்கத் தொடங்கினார்கள். சில வாரங்களில் 159 பேரில் 95 பேரை அது பற்றிக்கொண்டது. மார்ச் 18 அன்று பள்ளி மூடப்பட்டது. வீடு திரும்பிய மாணவிகள் வழியாக ஊர்களுக்கும் வேறு பள்ளிகளுக்கும் பரவியது. ந்ஷாம்பா என்ற ஊரில் 217 பேர் பாதிக்கப்பட்டார்கள். மே மாதம் மறுபடி திறந்த கஷாஷா பள்ளியை ஜூன் இறுதியில் மீண்டும் மூட வேண்டியதாயிற்று.

ரான்கினும் பிலிப்பும் என்ற மருத்துவர்கள் 1963இல் இதைப் பற்றி எழுதிய அறிக்கையைப் படித்தால், உலகம் ‘சிரிப்புத் தொற்று’ என்று வியந்து பேசும் கதை வேறாகத் தெரிகிறது. சிரிப்பு அங்கே தனியாக வரவில்லை, அழுகையோடு மாறி மாறி வந்தது. சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரம்வரை நீடித்து, ஓய்ந்து, மறுபடி வந்தது. ஒருவருக்கு இந்தத் தொல்லை 16 நாள்வரை இருந்தது. யாரோ துரத்துவதாகச் சிலர் அஞ்சினார்கள். பிடித்து நிறுத்தப் பார்த்தால் முரண்டினார்கள். உடலைச் சோதித்ததில் நோய்க்கிருமியோ நஞ்சோ கிடைக்கவில்லை. பள்ளியின் ஆசிரியர்களில் ஒருவருக்கும் இது வரவில்லை. வந்தது 12 முதல் 18 வயதுவரை இருந்த மாணவிகளுக்கு.

2007இல் இந்தப் பதிவுகளை மீளாய்வு செய்த கிறிஸ்டியன் ஹெம்பல்மான், இதற்கும் நகைச்சுவைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று நிறுவினார். நீண்டகால அழுத்தத்தில் இருக்கும் ஒரு குழுவின் உடல்களில் வெளிப்படும் கூட்டு உளநோய் அது. சிரிப்பு அதன் அறிகுறிகளில் ஒன்று மட்டுமே. கண்டிப்பான விடுதி, வீட்டின் மரபுக்கும் பள்ளியின் ஒழுங்குக்கும் இடையிலான இழுபறி, தங்கள் குறையைச் சொல்ல வழியில்லாத வயது ஆகியவை அந்தப் பெண்களைச் சூழ்ந்திருந்தன. இத்தனை இருந்தும் கஷாஷா பல பத்தாண்டுகளாக வேடிக்கைச் செய்தியாகவே திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. ஒரு துணுக்கைக் கேட்டு மாணவிகள் சிரிக்கத் தொடங்கி மாதக்கணக்கில் நிறுத்த முடியாமல் போனது என்று கதை கட்டப்பட்டது. ஓவல் மைதானத்தில் இரண்டு ஆண்கள் உண்மையான வேடிக்கைக்குச் சிரித்தார்கள். கேட்டவர்களும் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். கஷாஷாவில் சிறுமிகள் அச்சத்தில் சிரித்தார்கள். அதையும் வேடிக்கை என்றே உலகம் எடுத்துக்கொண்டது. சிறுமிகளின் சிரிப்பு என்றாலே அசட்டுச் சிரிப்பு என்று சொல்லிலேயே தீர்ப்பு எழுதிவைத்திருந்ததால் இந்தப் பிழை எளிதாக நடந்தது.

எழுத்தில் சிரிப்பு

சிரிப்பின் உறவு வேலை இன்று கைபேசித் திரையிலும் தொடர்கிறது. ஃபேஸ்புக் நிறுவனம் 2015இல் தன் பயனர்கள் எழுத்தில் எப்படிச் சிரிக்கிறார்கள் என்று பார்த்தபோது, பாதிக்கும் மேற்பட்டவை ‘ஹஹா’ வகை, மூன்றில் ஒரு பங்கு எமோஜி, 13 சதவீதம் அளவுக்கு ‘ஹெஹெ’. ‘லோல்’ என்ற சுருக்கம் உரக்கச் சிரிப்பதைக் குறிக்கப் பிறந்தது. இன்று யாரும் சிரிக்காமலே அதை அனுப்புகிறார்கள் என்பதை மொழியியலாளர் ஜான் மெக்வோர்ட்டர் எடுத்துக்காட்டினார். நானும் நீயும் ஒரே பக்கம் என்று தெரிவிக்கும் இடைச்சொல்லாக அது மாறிவிட்டது என்பது அவர் விளக்கம். ‘நாளைக்கு வர முடியாது’ என்று மட்டும் எழுதினால் முகத்தில் அறைந்ததுபோல இருக்கும் என்று ‘ஹிஹி’ சேர்க்கும் ஒவ்வொருவரும், ஜெஃபர்சன் பதிவு செய்த வேலையையே விரலால் செய்கிறார்.

கேட்கும் பொறுப்பு

இவற்றிலிருந்து, மெல்லிய சிரிப்பு எல்லாமே மறைத்துவைத்த துயரம் என்று முடிவு செய்தால் அதுவும் தவறு. குழந்தை கிளுகிளுத்துச் சிரிக்கும்போது அது மகிழ்ச்சியேதான். தோழிகள் இருவர் காரணமே இல்லாமல் சிரித்துச் சிரித்து ஓயும்போது, அவர்களுக்குள் நட்பு வளர்ந்துகொண்டிருக்கிறது. சிரிப்பின் ஒலியை மட்டும் வைத்து அதன் பொருளை முடிவு செய்ய முடியாது. யார் முன்னால் யார் சிரித்தார், அதற்குச் சற்று முன்பு என்ன நடந்தது, எதிரில் இருந்தவர் சேர்ந்து சிரித்தாரா என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் தெரிந்தால்தான் பொருள் தெரியும்.

நம் பள்ளிகளில், திட்டு வாங்கும் பிள்ளையின் உதட்டில் சிரிப்பு எட்டிப் பார்த்தால், ‘பண்றதையும் பண்ணிட்டு என்ன சிரிப்பு வேண்டியிருக்கு?’ என்று அடுத்த தண்டனை விழுகிறது. மேலே பார்த்த ஆய்வுகளின்படி அந்தப் பிள்ளை திமிரால் சிரிப்பதைவிட அச்சத்தால் சிரிப்பதற்கே வாய்ப்பு அதிகம். பெரிய விலங்கின் முன்னால் நிற்கும் குட்டியின் மிகப் பழைய அறிகுறியை அதன் உடல் எடுத்து நீட்டுகிறது: என்னை எதிரியாகப் பார்க்காதே. அதற்கு அடி கொடுக்கிறோம். மருத்துவமனையில், காவல் நிலையத்தில், அலுவலக விசாரணையில் சிரித்தபடி தன் குறையைச் சொன்னவரின் சொல் மதிப்பிழக்கிறது. வாக்குமூலம் எழுதுபவர் சிரிப்பை எழுதாமல் விட்டுவிடுகிறார், அல்லது அதையே சொல்பவருக்கு எதிரான சான்றாக எழுதிவிடுகிறார்.

இதை மாற்றப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. ஆசிரியர் பயிற்சியிலும் மருத்துவக் கல்வியிலும் விசாரணைக் குழுக்களின் பயிற்சியிலும் ஒரு பாடம் சேர்ந்தால் போதும்: சிரிப்பு சம்மதத்துக்குச் சான்று ஆகாது, அலட்சியத்துக்கும் சான்று ஆகாது. அந்த இடத்தில் எதிரில் இருப்பவர் செய்ய வேண்டியது, சேர்ந்து சிரிப்பதும் இல்லை, அதட்டுவதும் இல்லை. துன்பக் கதைகளைக் கேட்ட நல்ல கேட்பவர்களைப்போலச் சிரிப்பைத் தாண்டிச் சொன்ன விஷயத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். ‘அப்புறம் என்ன ஆச்சு? சொல்லும்மா’ என்று கேட்டால் போதும். அதற்கு அடுத்து வரும் பதிலில் பெரும்பாலும் சிரிப்பு இருக்காது, விஷயம் இருக்கும்.